பெரிய வடிகாலும் ஒரு பக்கப் பதிலும்

தகவல் தர முடியாது என்று நேரடியாக மறுக்கும் கடிதத்தைவிட, தகவலைத் தந்துவிட்டது போன்ற தோற்றத்தோடு வரும் கடிதமே மக்களுக்கு அதிகக் கெடுதல் செய்கிறது. மறுப்புக் கடிதத்தில் ஏதேனும் ஒரு காரணம் எழுதப்பட்டிருக்கும். அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு மேல்முறையீடு செய்யலாம், சட்டமன்ற உறுப்பினரிடம் கொண்டுபோகலாம், தேவைப்பட்டால் நீதிமன்றத்துக்கும் போகலாம். கேட்டதற்குத் தொடர்பில்லாத நல்ல வார்த்தைகளை அடுக்கி, நன்றி சொல்லி முடிக்கும் கடிதத்தில் அப்படிப் பிடித்துக்கொள்ள எதுவும் இருப்பதில்லை. பெரும்பாலான விண்ணப்பங்கள் அந்த இடத்திலேயே செத்துப்போகின்றன. மலேசியாவின் பினாங்கில் எங்கள் குடியிருப்பாளர் சங்கம் வடிகால் தூர்வாரும் வேலை குறித்துத் தகவல் கேட்டு எழுதிய விண்ணப்பமும் அப்படிச் சாகவிருந்தது. அதைச் சாகவிடாமல் காத்த வழியை, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு ஜெலுத்தோங் பக்கம் தாழ்வான நிலத்தில் இருக்கிறது. பின்புறம் ஓடும் பெரிய வடிகால் சுங்கை பினாங்கு ஆற்றை நோக்கிச் செல்கிறது. 2017 நவம்பர் 4ஆம் தேதி தொடங்கி மறுநாள் வரை கொட்டிய மழையில் மாநிலத்தில் 7 பேர் உயிரிழந்ததைப் பினாங்குவாசிகள் யாரும் மறந்திருக்க முடியாது. அதன்பிறகு கனத்த மழை பெய்யும் ஒவ்வொரு இரவும் கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் மின்சாதனங்களை மேசைமேல் தூக்கிவைத்துவிட்டுத்தான் படுக்கிறார்கள். வடிகாலில் மண் மேடிட்டுக் கிடப்பதைக் கண்ணால் பார்க்கிறோம். அதைத் தூர்வாரும் வேலை குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறது என்றும், வேலை ஒழுங்காக நடக்கிறது என்றும் சம்பந்தப்பட்ட இலாகா சொல்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் உண்மை எங்கே இருக்கிறது என்பதை அறிய நாங்கள் நான்கு ஆவணங்களைக் கேட்டோம். குத்தகை ஒப்பந்தத்தின் நகல், தூர்வாரிய நாள்களின் பதிவு, வேலை முடிந்ததை அதிகாரி நேரில் சரிபார்த்த அறிக்கை, குத்தகையாளருக்குப் பணம் செலுத்தப்பட்டதற்கான சான்று ஆகியவையே அவை.

வந்தது ஒரு பக்கக் கடிதம். பராமரிப்புப் பணிகள் அட்டவணைப்படி தொடர்ந்து நடைபெறுகின்றன, குடியிருப்பாளர்களின் அக்கறைக்கு நன்றி, மேற்கொண்டு விளக்கம் தேவையென்றால் அலுவலகத்தை நாடலாம் என்பதே அதன் சாரம். இணைப்பாக மண்வாரி இயந்திரம் நிற்கும் சில படங்கள் இருந்தன. அவற்றில் தேதியும் இல்லை, இடத்தின் பெயரும் இல்லை. "பதில்தான் வந்துவிட்டதே தம்பி, இதற்குமேலும் எழுதினால் அவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?" என்று மூன்றாம் மாடி அக்கா கேட்டார். அந்தப் பயத்தை நான் குறைவாக மதிப்பிடவில்லை. வீட்டு வாடகை, கடை உரிமம், பிள்ளையின் உபகாரச் சம்பளம் என்று எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு முகப்பில் போய் நிற்க வேண்டியவர்களுக்கு, அரசாங்க அலுவலகத்தோடு மல்லுக்கு நிற்பது எளிதல்ல. ஆனால் சட்டம் நமக்குத் தந்திருக்கும் ஒன்றைக் கேட்பதை மல்லுக்கட்டு என்று நாமே நினைத்துக்கொண்டால், அந்தச் சட்டம் இருப்பதில் பொருளே இல்லை.

சட்டத்தின் நிலையைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் சிலாங்கூரும் பினாங்கும் தங்கள் சட்டமன்றங்களில் தகவல் சுதந்திரச் சட்டத்தை இயற்றிய மாநிலங்கள். சிலாங்கூர் சட்டமன்றம் 2011 ஏப்ரலில் அதை நிறைவேற்றியது. பினாங்கின் சட்டம் 2010 என்ற ஆண்டைப் பெயரில் தாங்கியிருந்தாலும் 2011 நவம்பரில்தான் நிறைவேறியது, 2015 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. மாநில இலாகாக்களும் ஊராட்சி மன்றங்களும் இதற்குக் கட்டுப்பட்டவை. விண்ணப்பத்தைப் பார்ப்பவர் தகவல் அதிகாரி. அவர் முடிவில் நிறைவில்லை என்றால் மேல்முறையீட்டு வாரியத்திடம் போகலாம். சிலாங்கூரில் அந்த வேலையை மாநிலத் தகவல் வாரியம் செய்கிறது.

வந்த கடிதத்தை எதிர்க்க நாங்கள் முதலில் செய்தது, விண்ணப்பத்தையும் பதிலையும் ஒரே மேசையில் பக்கத்தில் பக்கமாக வைத்து வரிவரியாக ஒப்பிட்டதுதான். முதலாவதாகக் கேட்ட ஒப்பந்த நகலைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டாவதாகக் கேட்ட தேதிகளுக்குப் பதிலாக 'அட்டவணைப்படி' என்ற சொல் மட்டுமே இருந்தது; அட்டவணை இணைக்கப்படவில்லை. மூன்றாவதற்கும் நான்காவதற்கும் பதிலே இல்லை. இப்படிப் பார்த்ததும் கூட்டத்தில் இருந்தவர்களின் மனநிலை மாறியது. அதுவரை 'இந்தப் பதில் திருப்தியாக இல்லை' என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். திருப்தி என்பது மனத்தைப் பொறுத்தது, அதிகாரி அதைத் தட்டிக்கழிக்கலாம். 'நான்கு ஆவணங்கள் கேட்டோம், நான்கில் ஒன்றைப் பற்றியும் தருவதாகவோ மறுப்பதாகவோ நீங்கள் எழுதவில்லை' என்பது தாளில் உள்ள செய்தி, அதை அவரால் தட்டிக்கழிக்க முடியாது.

இரண்டாவது காரியத்தில் எங்களுக்குக் கைகொடுத்தவர், முன்னொரு காலத்தில் ஊராட்சி மன்றத்தில் வடிகால் தொழிலாளியாக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். பினாங்குத் தமிழர் குடும்பங்களில் அப்படிப்பட்டவர்கள் நிறைய இருக்கிறார்கள். இந்த நகரத்தின் தெருவையும் சாக்கடையையும் தலைமுறை தலைமுறையாகச் சுத்தம் செய்தவர்களிடம் இருக்கும் அறிவை நாம் போதிய அளவு மதிப்பதில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். அந்த ஐயா சொன்னார்: "எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை லோரி மண் போனது என்று மண்டோர் (மேற்பார்வையாளர்) எழுதாமல் இருக்கவே முடியாது. குத்தகைக்காரனாக இருந்தால் இன்னும் கூடுதலாக எழுதுவான், ஏனென்றால் அதை வைத்துத்தானே அவன் பணம் கேட்பான்." இந்த ஒரு செய்தி எங்கள் விண்ணப்பத்தின் தன்மையையே மாற்றியது. 'தூர்வாரிய நாள்களின் பதிவு' என்று பொதுவாகக் கேட்டதை விட்டுவிட்டு, அன்றாட வேலைப் பதிவேடு, மண்ணை ஏற்றிச்சென்ற லோரிகளின் சீட்டுகள், பணம் கோரிக் குத்தகையாளர் சமர்ப்பித்த கோரிக்கைத் தாள்கள், அவற்றுக்கு அதிகாரி கையொப்பமிட்ட உறுதிச் சான்று என்று ஆவணங்களின் பெயரைச் சொல்லியே கேட்டோம். வடிகால் ஓரத்தில் ஒரு பழைய திட்டப் பலகை நின்றுகொண்டிருந்தது. அதிலிருந்த குத்தகை எண்ணையும் தவணையையும் படம்பிடித்து இணைத்துவிட்டோம். இருக்கிறது என்று தெரிந்த ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேட்கும்போது, 'அப்படி எதுவும் இல்லை' என்று எழுத எந்த அதிகாரியும் இரண்டு முறை யோசிப்பார்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இந்தச் சட்டத்தின்கீழ் நமக்குக் கிடைப்பது அலுவலகத்தின் கைவசம் இருக்கும் பதிவுகளைப் பார்க்கும் உரிமை. 'ஏன் தாமதம்?', 'யார் பொறுப்பு?' என்று கேட்டால் விளக்கம் என்ற பெயரில் மீண்டும் ஒரு நன்றிக் கடிதம் வரும். காரணத்தையும் பொறுப்பையும் ஆவணங்கள் கைக்கு வந்தபிறகு நாமே படித்துக் கண்டுகொள்ளலாம்.

ஆகவே தகவல் அதிகாரிக்கு எழுதிய மறுகடிதம் சுருக்கமாகவே இருந்தது. எங்கள் முதல் விண்ணப்பத்தின் தேதியும் மேற்கோள் எண்ணும், அவருடைய பதிலின் தேதியும் மேற்கோள் எண்ணும் முதல் வரியிலேயே வந்தன. ஒவ்வொரு ஆவணத்தின் பெயருக்கு எதிரிலும் மூன்றில் ஒன்றைச் சொல்லும்படி கேட்டோம்: 'ஆவணம் இருக்கிறது, தருகிறோம்'; 'இருக்கிறது, இன்ன பிரிவின்கீழ் மறுக்கிறோம்'; 'எங்களிடம் இல்லை'. ஆவணத்தின் ஒரு பகுதியை வெளியிட முடியாது என்றால் அந்தப் பகுதியை மட்டும் கறுப்பு மையால் மறைத்து மீதியைத் தரும்படியும் கேட்டோம். குற்றச்சாட்டு, கோபம், ஊழல் என்ற சொல் எதுவும் அந்தக் கடிதத்தில் இல்லை. சிலருக்கு அது சப்பென்று இருந்தது. ஆனால் மேல்முறையீட்டு வாரியம் ஒருநாள் இந்தக் கோப்பைத் திறந்து பார்க்கும்போது, நிதானமாகக் கேட்டவர்கள் யார், நழுவியவர்கள் யார் என்பது முதல் பார்வையிலேயே தெரிய வேண்டும் என்று நான் வாதாடினேன். கடிதம் மலாய்மொழியில் எழுதப்பட்டது. கூட்டத்தில் அதைத் தமிழில் வாசித்து விளக்கிய பிறகே எல்லாரும் கையொப்பமிட்டார்கள்.

இப்படி விளக்கம் கேட்டு எழுதுவதால் மேல்முறையீட்டுக்கான காலக்கெடு நின்றுவிடும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. முதல் பதில் கிடைத்த நாளிலிருந்தே நாள் ஓடிக்கொண்டிருப்பதாக வைத்துக்கொண்டு, மேல்முறையீட்டு மனுவையும் பக்கத்தில் தயாராக வைத்திருப்பதுதான் பாதுகாப்பானது. கடித உறையைத் தூக்கிப் போடாமல் அஞ்சல் முத்திரையோடு கோப்பில் வைக்க வேண்டும். நேரில் கொடுத்த கடிதங்களின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ள வேண்டும். விண்ணப்பப் பாரத்தில் தகவல் எதற்காகக் கேட்கப்படுகிறது என்றும் எழுதச் சொல்கிறார்கள். அதைக் குறுகலாக எழுதிவிட்டால் பின்னர் வேறு காரியத்துக்கு அந்தத் தகவலைப் பயன்படுத்தும்போது சிக்கல் வரலாம். குடியிருப்பாளர்களுக்குத் தெரிவிக்க, மன்றத்திடம் கருத்துரைக்க, பொதுவில் வெளியிட என்று எல்லாவற்றையும் முதலிலேயே சேர்த்து எழுதுவது நல்லது.

மறுகடிதத்துக்கு வந்த பதிலில் பாதி கிடைத்தது. வேலைப் பதிவேட்டின் நகலும் சரிபார்ப்பு அறிக்கைகளும் வந்தன. ஒப்பந்தமும் பணப்பட்டுவாடா ஆவணங்களும் 'சூலிட்' (மலாயில் ரகசியம்) என்று வகைப்படுத்தப்பட்டவை, ஆகவே தர இயலாது என்று எழுதியிருந்தார்கள். பலர் இதைத் தோல்வி என்று எண்ணினார்கள். எனக்கு இது முன்னேற்றமாகவே பட்டது, ஏனென்றால் இப்போதுதான் எதிர்த்து வாதாடுவதற்கு ஒரு காரணம் தாளில் வந்திருக்கிறது.

சூலிட் என்ற முத்திரையைக் கண்டதும் நம்மவர்கள் பின்வாங்கிவிடுவதற்குக் காரணம் 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ ரகசியச் சட்டம். 1986இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, அதன் 8ஆம் பிரிவின்கீழ் குற்றவாளி என்று தீர்ப்பானால் குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. நீதிபதி நினைத்தாலும் அபராதத்தோடு விட முடியாது. பயப்பட வேண்டிய சட்டம்தான். ஆனால் எந்தத் தாள் ரகசியம் என்பதற்கு அந்தச் சட்டத்திலேயே வரையறை இருக்கிறது. அமைச்சரவை ஆவணங்கள், மாநில ஆட்சிக்குழு ஆவணங்கள், தேசியப் பாதுகாப்பு, தற்காப்பு, அனைத்துலக உறவு தொடர்பானவை ஆகியவை அட்டவணையிலேயே இடம்பெற்றிருக்கின்றன. அவற்றைத் தவிர மற்ற எந்த ஆவணமும் ரகசியமாக வேண்டுமானால் அமைச்சரோ, மாநில ஆட்சித் தலைவரான மந்திரி புசாரோ, முதலமைச்சரோ, 2பி பிரிவின்கீழ் எழுத்துமூலம் நியமிக்கப்பட்ட அதிகாரியோ அதை வகைப்படுத்தியிருக்க வேண்டும். அலுவலகத்தில் யாரோ ஒருவர் கையில் கிடைத்த முத்திரையைக் குத்திவிட்டால் ஆவணம் ரகசியமாகிவிடாது. வடிகால் தூர்வாரும் ஒப்பந்தம் அட்டவணையில் இல்லை. ஆகவே மேல்முறையீட்டு மனுவில் நாங்கள் கேட்டவை இவை: இந்த ஆவணத்தை வகைப்படுத்தியவர் யார், எந்த நாளில், அவருக்கு அந்த அதிகாரம் தந்த நியமனம் எது? நாங்கள் விண்ணப்பித்த பிறகு வகைப்படுத்தப்பட்டதா, அதற்கு முன்பா? அதோடு, 2சி பிரிவின்கீழ் ரகசிய வகைப்பாட்டை நீக்கும் அதிகாரமும் இருப்பதால், அதைப் பயன்படுத்துவது குறித்துப் பரிசீலிக்கும்படி மாற்றுக் கோரிக்கை ஒன்றையும் சேர்த்தோம்.

சட்டத்தின் 16ஏ பிரிவையும் சொல்லாமல் விடக் கூடாது. ஒரு ஆவணம் ரகசியம் என்று உரிய அதிகாரி சான்றளித்துவிட்டால், எந்த நீதிமன்றத்திலும் அதைக் கேள்வி கேட்க முடியாது என்கிறது அது. குடிமக்களின் கையைக் கட்டிப்போடும் இப்படியொரு பிரிவு ஒரு ஜனநாயக நாட்டின் சட்டப்புத்தகத்தில் இருப்பது தவறு என்று உறுதியாக நம்புகிறேன். நம் சட்டத்துக்கு முன்மாதிரியான 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவை, எல்லா அரசாங்கத் தகவலையும் ஒரே வலையில் பிடித்த அந்தப் பிரிவை, பிரிட்டனே 1989இல் நீக்கிவிட்டது. நாம் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அப்படியொரு சான்று வரும் முன்பே வகைப்பாட்டின் அடிப்படையைக் கேள்வி கேட்டுப் பதிவு செய்துவிடுவதன் அவசியம் இதில்தான் இருக்கிறது. இன்னொரு எச்சரிக்கை: தெரிந்தவர் மூலமாகச் சூலிட் முத்திரையிட்ட நகலைப் பின்வாசலில் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வாங்கியவரும் வைத்திருப்பவரும் மாட்டிக்கொள்வார்கள், கொடுத்தவரின் வேலையும் போகும்.

தமிழ்நாட்டில் இருக்கும் உறவினர்களோடு பேசும்போது அங்குள்ள நிலைமையை அறிந்து ஏக்கம் வருகிறது. இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பதிலில் நிறைவில்லாதவர் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடும் 90 நாளுக்குள் இரண்டாம் மேல்முறையீடும் செய்ய வழி வைத்திருக்கிறது. மறுத்தது சரியே என்று நிரூபிக்கும் பொறுப்பை மறுத்த அதிகாரியின் தலையிலேயே வைக்கிறது. நியாயமில்லாமல் இழுத்தடிக்கும் அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. எழுதியது எல்லாம் நடந்துவிடுகிறது என்று அவர்களும் சொல்வதில்லை. ஆனாலும் நிரூபிக்கும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்குச் சட்டமே விடை சொல்லிவிடும்போது, விண்ணப்பிக்கும் எளிய மனிதரின் முதுகு நிமிர்கிறது. எங்கள் மனுவில் இந்த வாதத்தை முன்மாதிரி என்ற அளவில் குறிப்பிட்டிருக்கிறோம்.

வாரியமும் கைவிட்டால் உயர்நீதிமன்றத்தில் நீதிமுறை மறுஆய்வுக்கு விண்ணப்பிக்கலாம். முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 3 மாதத்துக்குள் அதைச் செய்ய வேண்டும் என்கின்றன 2012ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகள். அந்தப் பாதை நீளமானது. சிலாங்கூர் நீர் விநியோகச் சலுகை ஒப்பந்தத்தைக் காட்டும்படி மலேசியத் தொழிற்சங்கக் காங்கிரஸ் தொடுத்த வழக்கில், 2010இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் ஒப்பந்தத்தை வெளியிட உத்தரவிட்டது. மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. ஒரு பெரிய தொழிற்சங்க அமைப்புக்கே அந்த நிலை என்றால், மாதம் 5 வெள்ளி (ரிங்கிட்) சந்தாவில் நடக்கும் குடியிருப்பாளர் சங்கம் நீதிமன்றத்தை மட்டுமே நம்பி இருக்க முடியாது.

ஆகவே பக்கத்துக் கதவுகளையும் தட்டிக்கொண்டே இருக்கிறோம். உள்ளூராட்சிச் சட்டம் 1976இன்படி ஊராட்சி மன்றத்தின் முழுமன்றக் கூட்டங்கள், மன்றமே வேறுவிதமாகத் தீர்மானித்தால் ஒழிய, பொதுமக்களுக்குத் திறந்தவை. கூட்டக் குறிப்புகளை வரி செலுத்துவோர் பார்வையிடவும் கட்டணம் செலுத்தி நகல் பெறவும் முடியும். செயற்குழுக் கூட்டங்களுக்கு இந்தத் திறப்பு இல்லை என்பது பெரிய குறை, ஏனென்றால் குத்தகை விவகாரங்கள் பெரும்பாலும் அங்கேதான் பேசப்படுகின்றன. எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரிடம் ஒப்பந்தத் தொகை குறித்துச் சட்டமன்றத்தில் கேள்வியாக எழுப்பும்படி கேட்டிருக்கிறோம். அங்கே சொல்லப்படும் பதில் அவைக்குறிப்பில் ஏறிவிடும்.

நண்பர்கள் சிலர் தமிழ்ப்பள்ளிக் கட்டட ஒதுக்கீடுகள் குறித்தும் இதே முறையில் கேட்க விரும்புகிறார்கள். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருப்பதால் அந்த ஆர்வம் இயல்பானதுதான். ஆனால் கல்வி கூட்டரசு (மத்திய) அரசாங்கத்தின் பொறுப்பு. கல்வியமைச்சையோ, காவல்துறையையோ, அரசாங்க மருத்துவமனையையோ மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தாது. கோலாலம்பூரில் இருப்பவர்களின் நிலை இன்னும் மோசம். கூட்டரசுப் பிரதேசம் என்பதால் அவர்களுக்கு மாநிலச் சட்டமன்றமே கிடையாது, மாநகராட்சியிடம் ஒரு வடிகால் ஒப்பந்தத்தைக் கேட்பதற்கும் நாடாளுமன்றம் இயற்றும் சட்டம்தான் அடிப்படையாக இருக்க முடியும். அப்படியொரு சட்டம் வரும்போது, பதில் என்ற பெயரில் எதையோ எழுதி அனுப்புவதையும் மறுப்பாகவே கருதி மேல்முறையீட்டுக்கு இடம்தரும் பிரிவு அதில் இருக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

கிடைத்த வேலைப் பதிவேட்டை ஓய்வுபெற்ற அந்த ஐயாவே எங்களுக்குப் படித்துக் காட்டினார். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் உள்ள வடிகால் பகுதி அதில் சில மாதங்களாக இடம்பெறவே இல்லை. அதே மாதங்களின் சரிபார்ப்பு அறிக்கைகளோ வேலை முழுமையாக முடிந்ததாகச் சொல்கின்றன. அந்தப் பக்கங்களை அடையாளமிட்டு மேல்முறையீட்டு மனுவோடு இணைத்து அனுப்பியிருக்கிறோம். ஒப்பந்தமும் பணப்பட்டுவாடா ஆவணங்களும் ஏன் பொதுநலன் கருதி வெளியிடப்பட வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எங்களிடம் இல்லை. வாரியம் விசாரணைக்கு அழைக்கும் நாளில் மூன்றாம் மாடி அக்காவும் எங்களோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.